மலைக்குப் பின்னால் போன சூரியன்

மயிலாப்பூர்

அன்பு மகள் ரூஹிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், நீயும் அப்படித்தான் என்று போனில் தினமும் சொன்னாய், நானும் நம்பினேன். இனி போனை நம்புவதாக இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். நார்வேக்குத் திரும்பும் யாசிர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே பாண்டி பஜாரில் எடுத்த கனமான கறுப்புத் துணியில் திரை தைத்து வைத்திருக்கிறேன். ஜன்னலில் போட்டுவிட்டுத் தூங்கு. உன் அத்தாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, கடைக்குப் போகிறார், தண்ணீர் லாரி மட்டும் நேரத்துக்கு வருவதில்லை.

நீ மயங்கி விழுந்ததை உன்னோடு மீன் ஆராய்ச்சி செய்யும் பெண்தான் உன் தம்பி ஜீஷானுக்குத் தெரிவித்தாள். பெற்றவளிடம் மறைத்துவிட்டு, அவன் போன் போட்டுக் கேட்டதும் அவனிடம் எல்லாம் சொல்லி அழுதிருக்கிறாய். எனக்கு வந்த கோபத்தில் அன்று சோறு இறங்கவில்லை. ரமலானில் காய்ச்சலில் விட்டுப்போன நோன்புகளை இப்போதே பிடித்துவிட வேண்டும் என்று யார் உன்னை விரட்டினார்கள்? முதல் நாள் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் மஃரிப் ஆகிவிட்டது, நோன்பு திறக்கலாம் என்று பேரீச்சம்பழத்தை வாயில் போட்டாயாம், தொழுதுவிட்டு எழுந்து பார்த்தால் அதே சூரியன் மலையின் அந்தப் பக்கமாக வெளியே வந்து நின்றதாம். நோன்பு முறிந்துவிட்டது, அல்லாஹ்வை ஏமாற்றிவிட்டோம் என்று அழுதுவிட்டு, மறுநாள் திரும்பப் பிடித்து, நடுராத்திரியிலும் சூரியன் மறையாத காலம் இன்னும் ஆரம்பிக்கவில்லை, கொஞ்ச நேரமாவது இறங்கும் என்று பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் ஜன்னலிலேயே உட்கார்ந்து, அடுத்த நாள் ஆய்வுக்கூடத்தில் விழுந்திருக்கிறாய். இதைச் சொன்னதும் உன் அத்தா, "வேற இன்னா பண்ணுவா, உன் பொண்ணாச்சே" என்று என்னைத்தான் சொன்னார்.

சூரியன் எப்படி மறையாமல் இருக்கும் என்று எனக்குப் புரியவேயில்லை. தரமணி ஆபீஸிலிருந்து வந்த ஜீஷான், கபாப் கம்பியில் ஒரு சாத்துக்குடியைக் குத்தி, அதன் உச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராம்பைச் செருகி, இதுதான் அக்கா இருக்கிற ஊர் என்றான். ஹாலில் ஒரே ஒரு பல்பை எரியவிட்டு, கம்பியின் தலையை அதன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துச் சுற்றினான். நம் சென்னை என்று பழத்தின் நடுப்பக்கத்தில் ஒரு மிளகைப் பதித்திருந்தான், அது வெளிச்சத்துக்குப் போவதும் இருட்டுக்கு வருவதுமாக இருந்தது. கிராம்பு மட்டும் எவ்வளவு சுற்றினாலும் நிழலுக்குள் வரவேயில்லை. பூமி கோடையில் அப்படித் தலை சாய்த்தபடி சுற்றுகிறது, அதனால் அங்கே சூரியன் வானத்தைச் சுற்றி வருமே தவிர கீழே இறங்காது என்றான். "மலை மறைச்சுதும்மா, அவ்ளோதான். அக்கா எவ்ளோ நேரம் உட்கார்ந்திருந்தாலும் அது இறங்கியிருக்காது" என்றபோது அந்தக் கிராம்பைப் பார்த்து அழுதுவிட்டேன். பிறகு அந்தத் தலையைப் பல்புக்கு மறுபக்கம் சாய்த்துக் காட்டினான், கிராம்பு இருட்டிலேயே சுற்றியது. குளிர்காலம் அப்படியாம். இருட்டிலே நீ எப்படி இருப்பாய் என்ற கவலை இப்போதே பிடித்துக்கொண்டது.

பள்ளிவாசலில் அப்துல் கய்யூம் ஹஜ்ரத்திடம் அத்தா போய்க் கேட்டார். அங்கே ராத்திரியும் பகலும் சரியாக வருகிற பக்கத்து ஊரின் நேரத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார், உடம்புக்கு முடியாதவள் விட்டுவிட்டு அப்புறம் பிடிக்கலாம், மயங்கி விழும்வரை கிடப்பதை அல்லாஹ் கேட்கவில்லை என்றாராம். நீ யாரையும் ஏமாற்றவில்லை ரூஹி. தெரியாமல் செய்தாய், பயந்தாய், கேட்கவும் வெட்கப்பட்டாய். வெட்கத்தில் பட்டினி கிடக்கவா உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினேன்?

இப்போதைக்கு நோன்பு வேண்டாம், வயிறாரச் சாப்பிடு, திரையைப் போட்டுத் தூங்கு. உடம்பு தேறிய பிறகு பிடித்தால், ஹஜ்ரத் சொன்ன அந்தப் பக்கத்து ஊர் நேரம் வந்ததும் ஜன்னலைப் பார்க்காமல் நோன்பைத் திற. அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல தூக்கத்தையும் தரட்டும், அத்தாவும் துஆ செய்கிறார். ஒன்று மட்டும் மறக்காதே. அன்று எங்களுக்கு நடுராத்திரி ஆனாலும் சரி, போனைப் போட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும். திறந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டாம். நீ தண்ணீர் குடிக்கிற சத்தம் என் காதில் விழ வேண்டும்.

உன் அம்மா,
சகினா பீர் முஹம்மது