ரினியின் கட்டில்

டிசம்பர் 9, செவ்வாய். குன்னூர்.

என் பார்லரில் வேலை செய்யும் ரினி மிசோரம் பெண். கிறிஸ்துமஸுக்கு லீவு வாங்கியிருந்தவள், இன்று காலையில் லீவே வேண்டாம் என்றாள்.

"ஊட்டுல எடமில்லீங்கக்கா. என் கட்டில்ல வேற ஆளுங்க படுக்கறாங்க."

எல்லைக்கு அந்தப் பக்கம் பர்மாவில் சண்டை. குண்டுக்குப் பயந்து ஆற்றைக் கடந்து வந்த ஒரு குடும்பத்துக்கு ரினியின் அறையை அவள் அம்மா கொடுத்துவிட்டாராம். ஐந்து பேர்.

எனக்குக் கேள்வி மேல் கேள்வி வந்தது. சொந்தக்காரர்களா? இல்லையாம். அதிகாரிகள் யாராவது சொன்னார்களா? அதுவும் இல்லையாம்.

"அப்புறம் எப்படி உள்ள விட்டாங்க?"

"மழைல கொழந்தையோட வாசல்ல நின்னாங்க. அம்மா கதவத் தொறந்துட்டாங்க."

"உனக்குக் கோவமே வரலியா, கண்ணு?"

"வந்துச்சுங்க. ஒரு வாரம் அம்மாகூடப் பேசல."

நேற்று வீடியோ காலில் அந்த வீட்டில் தங்கியிருக்கும் சின்னப் பெண் இவளிடம், "நீங்க வந்தா நாங்க எங்க போறது?" என்று கேட்டிருக்கிறாள்.

"நீ என்ன சொன்ன?"

"நான் வரலைன்னு சொல்லிட்டேனுங்க."

இப்போது ரினியின் அம்மாவோடு பேசவேண்டும் போலிருக்கிறது. எந்தப் பாஷையில் பேசுவேன் என்றுதான் தெரியவில்லை.