ஒரு கை தைக்காத வெள்ளை அங்கி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்கிறேன். மழை விட்டுவிட்டது, சமையலறை ஒழுகுவது மட்டும் விடவில்லை, கீழே வாளி வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னைத் தேய்ப்பிலிருந்து மடிப்புக்கு மாற்றிவிட்டார்கள், உட்கார்ந்து செய்கிற வேலை, முழங்காலுக்கு நல்லது.

அப்பா போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு, வீட்டு விஷயத்தை ஏம்மா சபையில போய்ச் சொன்னே என்று எழுதியிருந்தாய். நான் குறை சொல்லப் போகவில்லை. சாட்சி நேரத்தில் ஒவ்வொருவரும் எழுந்து ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்வார்கள், ஒருத்திக்குக் கட்டி கரைந்திருக்கும், ஒருத்தி மகனுக்கு விசா வந்திருக்கும். என் முறை வந்தபோது, மூன்று மாதமாக என் வீட்டுக்காரர் என்மேல் கை ஓங்கவில்லை, ஸ்தோத்திரம் என்று சொல்லி உட்கார்ந்தேன். அவரைப் புகழ்ந்ததாகத்தான் நினைத்தேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். அந்த வாரமே சபையில் பாடுகிற அக்கா துணி தைக்க அப்பா கடைக்குப் போனவள், அண்ணே, இப்பல்லாம் அடிக்கிறதில்லையாமே, ஆண்டவருக்கு மகிமை என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். அப்பா அளவு நாடா கழுத்தில் தொங்க வீட்டுக்கு வந்தார். அடிக்கவில்லை. என் ஞானஸ்நானத்துக்கு அவரே தைத்துக்கொண்டிருந்த வெள்ளை அங்கியை அப்படியே விட்டுவிட்டார், ஒரு கை வைத்தாயிற்று, மற்றது மெஷின்மேல் கிடந்தது. சொன்ன எடத்துலயே எந்திரிச்சு, நான் அடிச்சேங்கிறதே பொய்னு சொல்லு, மிச்சத்தத் தைக்கிறேன் என்றார். பாஸ்டரும் அதையேதான் சொன்னார், குடும்ப சமாதானத்துக்காக ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா, ஞானஸ்நானம் அதுக்கப்புறம் பாக்கலாம் என்று. பக்கத்தில் பாஸ்டரம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு அப்பா முதல்முறையாகச் சபைக்கு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். மைக் என்னிடம் வந்தது. போன மாசம் நான் சொன்னது நெசம், இப்ப நாலு மாசம் ஆச்சு, ஸ்தோத்திரம் என்றேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன், அவர் சாப்பிட்டார், பேசவில்லை. இன்றைக்கு ஐந்தாவது நாள். ஞானஸ்நானப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டார்களாம். நேற்று பாஸ்டரம்மா சலவைக்கூடத்து வாசல்வரை வந்து, ஞானஸ்நானத் தொட்டிக்குத் தண்ணி நெரப்புறது நாந்தான், நீங்க பாட்டுக்கு வாங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இன்னொரு கையை நானே ஊசியால் தைத்துவிட்டேன். அப்பா தைக்கிற மாதிரி வராது, தோளில் கொஞ்சம் இழுக்கிறது, போட முடிகிறது, அது போதும்.

அப்பா போன் செய்தால் எடு. எனக்காகவும் பேச வேண்டாம், அவருக்காகவும் பேச வேண்டாம், சாப்பிட்டீங்களா என்று கேள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், பிள்ளைக்கு என் முத்தம். ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள்ளேயே வைத்திருக்கட்டும். உனக்குக் காதுவலி இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய், டாக்டரிடம் காட்டு, பஞ்சு மட்டும் வைக்காதே. இந்த வீட்டில் நீ படிக்கிற காலத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கும்போதெல்லாம் வைத்தது போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா