பானட் மேல் ஒரு டம்ளர்

ஜனவரி 5, திங்கள்

மனைவியின் அண்ணன் பிக்கப்பை என் மெக்கானிக் கடையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். செடியும் தொட்டியும் ஏற்றும் வண்டி. காலையில் செல்ஃப் அடித்தால் மனமே இல்லாமல் இழுத்து இழுத்து எடுக்கிறதாம். எடுத்த பிறகு கொஞ்ச நேரம் உடம்பெல்லாம் ஆடுகிறதாம். இங்கே வந்து நின்றபோது பச்சைப்பிள்ளை மாதிரி சாது. சூடாகிவிட்டால் எந்த டீசல் வண்டியும் நோயை ஒளித்துக்கொள்ளும்.

"ராத்திரி இங்கயே கெடக்கட்டும் மச்சான். காலைல குளிர்ல பிடிச்சாதான் அதோட வண்டவாளம் தெரியும்" என்றேன்.

ஜனவரி 6

அவர் சொன்னது சரி. வெள்ளைப் புகை, குலுக்கல். வழக்கம்போல் பானட் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினேன். எந்த சிலிண்டர் சோம்பேறி என்று கை சொல்லிவிடும். இந்தத் தெருவில் எனக்கு நாடி டாக்டர் என்று பெயர். கிண்டலாகத்தான் வைத்தார்கள், எனக்கென்னவோ உள்ளூரப் பெருமை.

குளிரில் இன்ஜினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளில் ஒன்று செத்துக் கிடந்தது. புதிது போட்டேன்.

ஜனவரி 7

முதல் அடியிலேயே எடுத்தது. புகை இல்லை. ஆனால் கைக்கு ஆட்டம் தெரிகிறது, நேற்றைப் போலவே.

"நல்லாத்தானே இருக்கு மாப்ள?"

"உங்க காதுக்கு நல்லாருக்கு. என் கைக்கு இல்ல."

வண்டியைக் கொடுக்கவில்லை.

ஜனவரி 9

டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றிச் சோதித்தேன். குறை இல்லை. இன்ஜினின் அதிர்வைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர்களை மாற்றினேன். கழற்றிய பழையவை இன்னும் நன்றாக உழைத்திருக்கும். பிறகு ஏன் கழற்றினேன்? வேறு எதைத்தான் கழற்றுவது? ஆட்டம் நிற்கவில்லை. மச்சான் யாரிடமோ வண்டி இரவல் வாங்கிச் செடி ஏற்றுகிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

இதை எழுதும்போது மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு? காகிதம் மிச்சம் பிடிக்கிறீங்களா?"

பழைய பக்கங்களைப் புரட்டினேன். நிஜம்தான். என் எழுத்து இவ்வளவு சின்னதாக இருந்ததே இல்லை.

ஜனவரி 10

மச்சான் காலையிலேயே வந்தார். வண்டியை ஓடவிட்டு, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பானட் மேல் வைத்தார். தண்ணீர் லேசாகச் சிலிர்த்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"பாருங்க மாப்ள. பிளக் போட்ட அன்னைக்கே சரியாயிடுச்சு."

டம்ளரை எடுத்து ஏந்தி நின்றேன். மணிக்கட்டு நனைந்தது, சட்டை நனைந்தது, அப்புறமும் சிந்திக்கொண்டே இருந்தது. அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, தாகம் எடுத்தவர் போல மிச்சத்தைக் குடித்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு மெதுவாகக் கிளம்பினார்.

நாலு நாளா நான் தேடினது என் ஆட்டத்தையா? அது தெரியாமலா அதோட ரப்பரை எல்லாம் புடுங்கிப் போட்டேன்? இந்தக் கையை நம்பித்தானே இத்தனை வருஷம்— இனிமே எதை நம்புறது?

ஜனவரி 12

டாக்டர் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், பெயரை எழுதச் சொன்னார்.

"கை சும்மா இருக்கும்போதுதான் அதிகமா ஆடுதா?"

ஆமாம். ஸ்பேனரைத் திருகும்போது அடங்கும், ஓய்ந்து கிடந்தாலும் எதையாவது ஏந்தி நின்றாலும் ஆரம்பிக்கும். நாடி பார்ப்பது என்றால் கையைச் சும்மா வைப்பதுதானே.

மூளையில் வரும் கோளாறாம். மாத்திரை நடுக்கத்தைக் குறைக்கும், வியாதியை எடுக்காது என்றார். "எந்த பார்ட்டை மாத்தணும் டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கூட வந்திருந்த அவளும் சிரிக்கவில்லை.

ஜனவரி 13

கடை திறக்கவில்லை.

ஜனவரி 27

மாத்திரை குமட்டுகிறது. மனசு கேட்காமல் கடையைத் திறந்தேன். லாரிக்காரர் ஒருவர் பானட்டைத் தட்டி, "நாடி பாருங்க டாக்டர்" என்றார். கையில் நிறைய வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேலை ஏது? அவர் போனபின் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். அவள் எழுத்து வட்டமாக, பெரிதாக இருக்கிறது.

கடையைக் காலி செய்தாயிற்று. சாமான்களை நேற்றே மச்சானின் பிக்கப்பில் ஏற்றிவிட்டோம். இன்று காலை நல்ல குளிர். வண்டி முதல் அடியிலேயே எடுத்தது. என் கை பழக்கத்தில் பானட் பக்கம் போனது; பாதியில் இழுத்துக்கொண்டேன்.

"நீ வை" என்றேன்.

அவள் உள்ளங்கையை வைத்து, என்னைப் போலவே கண்ணை மூடினாள்.

"ஆடுதா?"

"இல்லைங்க. நல்லா இருக்கு."

அப்புறம் அந்தக் கையை எடுத்து என் கைமேல் வைத்தாள். இதுவும் நல்லா இருக்கு என்று அவள் சொல்லவில்லை. வண்டி கிளம்பும்வரை எடுக்கவும் இல்லை.

இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுது என்றேன்.