இரண்டாம் ஆட்டக்காரர்

மார்ச் 4

மெக்கானிக் அவர்களுக்கு,

நான் நலம். அண்ணன் வீட்டில் நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

இது சமாதானக் கடிதம் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் டயாலிசிஸ் வார்டில் ஒவ்வொருவரும் நான்கு மணி நேரம் படுத்திருக்கிறார்கள். ஒரு கையில் ஊசி, அதை அசைக்கக் கூடாது. பாவம், சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம் வீட்டு டிவிக்குக் கீழே தூசி தின்னும் உங்கள் வீடியோ கேம் பெட்டியை அங்கே வைக்கலாமா என்று யோசனை. அதில் எது நல்லது, எது கோளாறு என்று எழுதுங்கள்.

போனில் கேட்டால் மழுப்புவீர்கள். வேலை போனதை மறைத்து, மூன்று மாதம் தினமும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப்போய் பூங்காவில் உட்கார்ந்திருந்தவர்தானே? சரி, பத்து மாதத்துக்கு முந்தைய சண்டையை இழுக்கவில்லை. பெட்டியைப் பற்றியாவது மறைக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தலைமை நர்ஸ்


மார்ச் 9

என் பிரியமான தலைமை நர்ஸுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அண்ணி கேட்டார், ஏன் இப்படிச் சிரிக்கிறாய் என்று. வேலை விஷயம் என்று சொல்லிவைத்தேன்.

பெட்டி நல்ல உழைப்பாளி. எட்டு வருடத்தில் இரண்டே முறைதான் கழற்றியிருக்கிறேன். படம் பளிச்சென்று இருக்கும், இன்டர்நெட் வேண்டாம், இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். கோளாறு என்றால், ஃபேன் மிக்ஸி மாதிரி இரையும். நீல நிறக் கன்ட்ரோலரில் கார் தானாக இடது பக்கம் இழுக்கும். ஆன் செய்தால், நீ வெளியே கிளம்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை அதுவும் எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. வீட்டில் அது குறை, உன் வார்டில் அதுவே நிறை.

பெரிய சிக்கல், அதற்கு இரண்டு கையும் வேண்டும். ஆனால் செட்டிங்ஸில் போய், பட்டன்களையெல்லாம் ஒரு கைக்கு மாற்றிக்கொள்ளலாம். பொறுமையாகத் தேடு, கிடைக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
மெக்கானிக்


மார்ச் 15

மெக்கானிக் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடியே மாற்றினேன். மூன்றாம் படுக்கையில் ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார், ஒரு வருடமாக யாரிடமும் பேசாதவர். ஒற்றைக் கையால் கார் ஓட்டி, நேரே சுவரில் மோதி, வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். நேரம் முடிந்தாலும் வீட்டுக்குப் போக மாட்டேன் என்கிறார்.

தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்ற நம் வீட்டுச் சட்டத்தை அவரிடம் சொன்னேன். முதல் நான்கு நாளைத் தவிர, ஆறு வருடத்தில் நான் ஒருநாள்கூடக் கழுவியதில்லை என்றும் பீற்றிக்கொண்டேன்.

ஒரு சந்தேகம். பெட்டியை வார்டுக்கே கொடுப்பதற்கு முன்னால் ரீசெட் செய்துவிடலாமா? பழையதெல்லாம் அழிந்துவிடும் என்கிறார்கள். அதற்கு முன் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா? யோசித்து எழுதுங்கள்.

தலைமை நர்ஸ்


மார்ச் 20

என் பிரியமானவளுக்கு,

மூன்று நாள் இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘தாராளமாக அழித்துவிடு’ என்று எழுதினால் எனக்கு நிம்மதி. எழுதியும் பார்த்தேன், பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன்.

அழிப்பதற்கு முன்னால் செட்டிங்ஸில் ‘ஆட்டக்காரர் 2’ என்ற இடத்தைப் பார். ‘உதவி’ என்பது முழு அளவில் இருக்கும். உன் கார் சுவரில் மோதாது, பின்தங்கினால் தானாக வேகம் எடுக்கும். வைத்தது நான்தான்.

கல்யாணமான புதிதில் நீ வரிசையாக நான்கு நாள் தோற்றாய். பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றவள், வந்து பாத்திரத்தோடும் நின்றாய். ‘உட்காரு, நான் கழுவுறேன்’னு சொன்னால் ரோஷக்காரி கேட்கவா போகிறாய்? ஐந்தாம் நாள் அதைப் போட்டுவிட்டேன். வேலை போனதையும் அதே புத்தியில்தான் மறைத்தேன். நீ எதைத் தாங்குவாய், எதைத் தாங்க மாட்டாய் என்று உன்னைக் கேட்காமல் நானே முடிவு செய்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

உன் வெற்றியைக் கெடுத்துவிட்டேனே என்பதுதான் இப்போது பெரிய வருத்தம்.

உன்,
மெக்கானிக்


மார்ச் 24

என்னங்க,

பட்டன் மாற்றப் போன அன்றே அந்த ‘உதவி’யைப் பார்த்துவிட்டேன். வந்த கோபத்தில் பெட்டியை ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன், பஸ் டிரைவர் காத்திருந்ததால் தப்பித்தது.

தெரிந்துகொண்டேதான் ரீசெட் செய்யலாமா என்று கேட்டேன். அழித்துவிடு என்று ஒரு வரி வந்திருந்தால், உங்களுக்கு நான் எழுதியது அதுவே கடைசிக் கடிதமாகியிருக்கும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நேரே தபால் பெட்டியைத்தான் திறந்து பார்த்தேன். வீட்டுக்குள் போகப் பொறுமையில்லாமல், உங்கள் கடிதத்தை மாடிப்படியிலேயே நின்று படித்தேன். அழுதேன், போதுமா?

‘உதவி’யை எடுத்துவிட்டு பஸ் டிரைவரோடு ஆடினேன். ஒற்றைக் கைக்காரரிடம் பதினோரு முறை தோற்றேன். அவர் நாசூக்காக, “சிஸ்டர், வீட்ல பாத்திரமெல்லாம் யாரு கழுவினாங்க?”ன்னு கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வார்டுக்கு விடுமுறை. பெட்டியை வீட்டுக்கு எடுத்து வருகிறேன். துணிமணியோடு வாருங்கள். இழுக்கும் நீலக் கன்ட்ரோலர் உங்களுக்கு. எனக்காக வேண்டுமென்றே தோற்றால், அன்றே அண்ணன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒழுங்காக ஆடி என்னைத் தோற்கடியுங்கள்.

சோப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள்,
ஆட்டக்காரர் 2