திரும்பி வரும் தேதி

2025 ஜூன் 5
அம்மாவின் விசா வந்துவிட்டது. ஒன்பது வாரம், நான்கு தடவை ஹட்டன், இரண்டு தடவை கொழும்பு. பிறப்புச் சான்றிதழில் மேரி நாயகம், அடையாள அட்டையில் மரியநாயகி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி வேறு. நியூசிலாந்து ஒக்லாந்தில் தம்பி ஜெரோஷனுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. அம்மா அங்கே ஆறு மாதம் வரை தங்கலாம். சந்தோஷப்படக்கூட அலுப்பாக இருக்கிறது.

ஜூன் 14
ஹட்டனில் ஷிஹாம் நானாவின் டிக்கட் கடைக்குப் போனேன். திரும்பி வரும் டிக்கட் இல்லாமல் கட்டுநாயக்க ஏர்போட்டிலேயே ஏற்றமாட்டார்கள், அந்தத் தேதியும் ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்றார். போவது ஜூலை 16. திரும்ப எந்தத் தேதி போட? வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அம்மாவுக்கு யோசனையே இல்லை. "நவம்பர் ரெண்டுக்கு முன்னாடி நான் இங்க இருக்கணும். அப்பா மேட்டுக்கு யாரு புல்லு புடுங்குவா?"

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அப்பா தேயிலைத் தோட்டத்து மயானத்தில் கிடக்கிறார். கட்டின கல்லறை இல்லை, வெறும் மண்மேடு. ஒரு வருடம் விட்டால் மானாப்புல் மூடிவிடும், பிறகு அதே இடத்தில் வேறு யாருக்காவது குழி வெட்டிவிடுவார்கள். சின்னத்தம்பி மாமாவின் மேடு அப்படித்தான் போனது.

நான் இருக்கிறேனே என்றேன். ஸ்கூல் விட்டு வந்தால் உனக்குப் பேப்பர் திருத்தவே நேரம் சரி என்றார். குத்தலா, கரிசனமா? தெரியவில்லை.

ஜூன் 15
ஜெரோஷன் போன் எடுத்தான். ஆறு மாதம் கொடுத்திருக்கும்போது எதற்கு மூன்று மாதத்தில் திருப்பி அனுப்ப வேண்டும், ஜனவரி பன்னிரண்டு போடு என்கிறான். ஜனவரி என்றால் அம்மா கிளம்பவே மாட்டார் என்றேன்.

"அப்ப சொல்லாத மெரினாக்கா. வந்தப்புறம் நான் பாத்துக்கிறேன்."

அவன் பார்த்துக்கொள்வானாம். இங்கே எல்லாம் பார்ப்பது யார்?

ஜூன் 17
ஜனவரி 12 போட்டேன்.

அம்மாவிடம் ஒக்டோபர் 28 என்றேன். அம்மா தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார், இங்கிலீஷ் தெரியாது. டிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

தம்பிக்காகச் செய்தேன் என்று எழுதலாம். அது பொய். காலை நாலரைக்கு எழுந்து வெந்நீர் வைக்காத ஆறு மாதம் எனக்கு வேண்டும். கொழுந்து பறித்து முடங்கிய அந்த முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்காத ஆறு மாதம். அவ்வளவுதான்.

ஜூலை 16
கட்டுநாயக்க. அம்மா உள்ளே போய் அரை மணி நேரம் இருக்கும், அவருடைய போனிலிருந்து அழைப்பு. பேசியது கவுண்டரில் இருந்தவர், சிங்களத்தில். அம்மா ஒக்டோபரில் திரும்புவதாகச் சொல்கிறார், டிக்கட்டில் ஜனவரி இருக்கிறது, எது சரி? மரியாதையாகத்தான் கேட்டார்.

ஜனவரி என்றேன்.

போன் கைமாறியது.

"ஜனவரியா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா."

பெட்டி இழுக்கும் சத்தம் கேட்டது.

"சரி."

வைத்துவிட்டார். ஹட்டனுக்குக் கிட்ட, வட்டவளை வரும்வரை பஸ்ஸில் அழுதேன். என்ன புள்ள நானு? ஒரு வார்த்த உண்மைய சொல்லியிருக்கலாம்ல. சண்ட போட்டாவது சொல்லியிருக்கலாம்ல.

ஆகஸ்ட் 9
பெண் குழந்தை. அம்மா என்னோடு பேசுகிறார். மழையா, சாப்பிட்டியா. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

செப்டெம்பர் 21
நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வெந்நீர் வைக்க வேண்டியதில்லை. படுத்தே கிடக்கிறேன்.

நவம்பர் 2
விடிந்ததும் கத்தியும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு மயானத்துக்குப் போனேன். அப்பாவின் மேடு சுத்தமாக இருந்தது. புல் பிடுங்கி, மண் அணைத்து, சுற்றிலும் சுண்ணாம்பு அடித்திருந்தது.

பக்கத்து லயத்து வீட்டு ராசம்மா அக்கா தன் புருஷனின் மேட்டில் வேலையாக இருந்தார். இதையும் அவர்தான் செய்தாராம். அம்மா விமானம் ஏறுவதற்கு முன்பே ஏர்போட்டிலிருந்து அவருக்குப் போன் பண்ணினாராம்.

"மெரினாவுக்கு நெனப்பு இருக்கும், நேரந்தான் இருக்காது, அவள அலைய வுடாதன்னு சொன்னிச்சு."

மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அம்மாவை வீடியோவில் அழைத்தேன். மேட்டை நாலா பக்கமும் காட்டினேன். மன்னிச்சிருங்கம்மா, தேதிய மாத்திடலாமா என்று கேட்டேன்.

அம்மா எழுந்து போய் ஜெபப் புத்தகத்தை எடுத்து வந்தார். டிக்கட்டை விரித்து, கண்ணாடி போட்டு, விரல் வைத்துக் கூட்டினார். தம்பியின் மனைவியிடம் இங்கிலீஷ் எழுத்துக் கேட்டுப் படிக்கிறாராம்.

"ஜே... ஏ... என்... ஜனவரி. பன்னெண்டு."

மறுபடி மடித்து வைத்தார்.

"மாத்த வேணாம். இனிமே எனக்கு நீ வாசிச்சு சொல்லவும் வேணாம்."

பிறகு வழக்கம்போல, சாப்பிட்டியா என்று கேட்டார்.