ஜாமில் மட்டும் நாறும் கார்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். மழை வரவில்லை. சோதனை நிலையத்தில் கார் தோற்றது. புகை அதிகமாம், நாற்றம் வேறு. தேறினால்தான் பெயர் மாற்றம்.

ஞாயிறன்று கார்க்காரர் சேவியர் அங்கிள் மகளோடு இருக்க ஆஸ்திரேலியா போகிறார். திரும்ப மாட்டார். அதற்குள் கார் என் பெயருக்கு வராவிட்டால் உதிரிபாகக் கடைக்குத்தான். வெட்டி விற்றுவிடுவார்கள். சிவப்பு, இரண்டே சீட், வயதில் எனக்குத் தம்பி. அவர் வீட்டு வாசலில் அது நிற்பதைப் பார்த்து எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன்! விட மாட்டேன்.

"செமினில என் வீட்டுல இருந்தப்ப நல்லாத்தான் ஓடுச்சும்மா," என்கிறார் அங்கிள் போனில். உண்மைதான். அங்கிருந்து நான் ஓட்டி வந்த அன்று நாற்றமே இல்லை. வெள்ளிக்கிழமை கிள்ளானில் அம்மா பூசை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்பினார். அந்தத் திருஷ்டி கழிப்பும் போதவில்லை போல.

வாங்க வேண்டியது: பல்பு, பச்சரிசி, அம்மாவுக்கு மூட்டுத் தைலம்.

ஜூலை 9, புதன்

லீவு. காஜாங்கில் மெக்கானிக் ஆ செங்கின் பட்டறை. புகைக்குழாயின் வாயில் விரலை விட்டேன். ஈரக் கரி. பெட்ரோல் வாடை. எரிய வேண்டியது எரியாமல் வெளியே வருகிறது.

குழாயில் இருக்கும் சென்சாரை மாற்றினார். ம்ஹூம். அடுத்து, புகையைச் சுத்தம் செய்யும் டப்பா போயிருக்கலாம் என்றார். ஜப்பானிலிருந்து வரணும், ஒரு மாதம். போச்சு.

பட்டறையில் காத்திருந்த ஒருவர் வீட்டுக்குப் போனில்: "சுட்ட கோழி சத்தே வாங்கிட்டு வரேன், கதவ மட்டும் தொற."

ஒன்று மட்டும் புரியவில்லை. திரும்பும்போது ஹைவேயில் சுத்தமாக வந்தது. பிரிக்பீல்ட்ஸ் டிராபிக் ஜாமில் நின்றதும் குமட்டல். பக்கத்து மோட்டார்காரர் ஹெல்மெட்டைத் தூக்கி, "அக்கா, வண்டி எரியுதா?" என்றார். டப்பா கெட்டிருந்தால் எங்கேயும் நாற வேண்டாமா? மண்டையைக் குடைகிறது.

ஜூலை 10, வியாழன்

வேலை முடிந்து வந்து ஒரே வீடியோவாகப் பார்த்தேன். சோறு ஆறிவிட்டது.

புரிந்தது: சும்மா நிற்கும்போது எஞ்சின் காற்றைப் பலமாக உறிஞ்சும். ஒரு மெல்லிய ரப்பர் குழாய் அந்த உறிஞ்சலைக் கொண்டுபோய் பெட்ரோலின் அழுத்தத்தைக் குறைக்கும். குழாய் அடைத்தால் பெட்ரோல் கொட்டும். மிதித்து ஓட்டும்போது உறிஞ்சலே குறைவு, அதனால் வித்தியாசம் தெரியாது. அட, அதான் ஹைவேயில் நாறவில்லையா!

கீழே ஓடிப்போய் பானெட்டைத் திறந்தேன். அந்தக் குழாயின் மேலேயே அம்மா பூசையன்று கட்டிய மஞ்சள் துணி. உள்ளே விபூதி, இறுக்கி முடிச்சு. குழாய் நசுங்கிக் கிடந்தது.

நான் டயாலிசிஸ் நர்ஸ். நாள் முழுக்க டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு! இதைத் திறந்தபோதெல்லாம் பார்த்தேன், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், மூடினேன்.

ஆ செங்குக்குப் போன். மலாயில் அவர் சொன்னது: "பாத்தேன் லா. உங்க சாமி பொருள், கை வைக்கலாமா? அத விட்டுட்டு மத்ததெல்லாம் பாத்தேன்."

பிறகு அம்மாவுக்கு. ஏம்மா உள்ளே கட்டினீங்க என்று கேட்டேன்.

"முன்னாடி கண்ணாடில சேவியரு ஜெபமாலை தொங்குதுல்ல. அதுக்குப் போட்டியா நம்மளது தொங்கினா நல்லாவா இருக்கும்? அதான் உள்ள கட்டினேன்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "நாந்தான் கெடுத்துட்டேனா?"

குழாய் நசுங்கியிருக்கிறது, முடிச்சை அவிழ்த்தால் சரியாகிவிடும் என்றேன். பாவமாக இருந்தது.

"நீ அவுக்காத. காலைல நானே வரேன்."

ஜூலை 11, வெள்ளி

அம்மா முதல் கொமுட்டர் ரயிலிலேயே வந்துவிட்டார். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு. கத்தரிக்கோலை நீட்டினேன். "சாமிக்குக் கட்டினத வெட்டுவாங்களா? தள்ளு." நகத்தாலேயே முடிச்சைப் பிரித்தார்.

ஸ்டார்ட் செய்தேன். அதே நாற்றம்! பானெட்டுக்குள் குனிந்தேன். பிறகுதான் பார்த்தேன், பழைய ரப்பர், நசுங்கினது நசுங்கினபடியே இருந்தது. ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்கு ஓடி, புதிதாக ஒரு துண்டு குழாய் வாங்கி மாட்டினேன்.

எஞ்சின் சத்தம் தணிந்தது. அம்மா முட்டிவலியோடு பின்னால் குனிந்து மோந்து பார்த்தார். "ஒண்ணும் வரலியே!" சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான்.

மத்தியானம் சோதனை. பாஸ்.

ஜூலை 12, சனி

லேசான தூறல். பெயர் மாற்றம் முடிந்தது. கார் என்னுடையது. என்னுடையது!

அங்கிள் இன்னொரு சாவியையும் கொடுத்துவிட்டு ஜெபமாலையைக் கழற்றக் கை நீட்டினார். நான் கதையைச் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தார். கழற்றவில்லை.

"எனக்காகவா உள்ள கட்டினீங்க?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா கைப்பையைத் திறந்தார். மஞ்சள் துணி அதில்தான் இருந்தது.

அங்கிள் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். "இங்கயே கட்டுங்கக்கா. கொஞ்சம் லூசா."