நாற்பத்தெட்டு வயதில் பல்லுக்குக் கம்பி

தாபோடி, புனே
3.10.2004

அன்பு மகள் சுகந்திக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி ரீனாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கும்படி நெல்லையப்பரையும் இந்த ஊர்க் கணபதியையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். போன ஞாயிறு போனில் நான் பேசியது குழறியது, பக்கவாதமா என்று நீ பயந்துபோய்க் கேட்டாய், உன் அப்பா ரிசீவரைப் பிடுங்கி வாய்ப்புண்தான் என்று சொல்லி வைத்துவிட்டார். பக்கவாதமும் இல்லை, வாய்ப்புண்ணும் இல்லை. உன் அம்மா பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கிறாள். மேல் வரிசைக்கு ஜூலையில் கட்டினார்கள், கீழ் வரிசைக்குப் போன வாரம். சிரிக்காமல் படி. எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாலும் நீயே படி, மாப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே, கடைசியில் வருவது உனக்கு மட்டும்.

எனக்கு மேல் அண்ணத்தில், முன்பல்லுக்குப் பின்னால், நாலைந்து வருஷமாகவே புண். காரம் பட்டால் உயிர் போகும். உடம்புச் சூடு என்றார் உன் அப்பா. அவருக்குத் தெரிந்த ஒரே வியாதி அதுதான், கால் ஒடிந்தாலும் சூடு என்பார். வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்தேன், மணத்தக்காளி தின்றேன், எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், புண் அப்படியே இருந்தது. இந்த வருஷம் பொங்கலுக்குக் கரும்பு கடித்தபோது மேல் முன்பல் ஒன்று ஆடியது. கண்ணாடியில் வாயைப் பிளந்து பார்த்தேன். கீழ்ப்பல் நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மேல்பல்லுக்குப் பின்னால் போய் அண்ணத்தில் குத்தி நிற்கிறது. புண்ணில் பல் அச்சு அப்படியே பதிந்திருந்தது. என் பல்லே என்னைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது, நான் வெந்தயம் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷன் பக்கத்து மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறானே, பெயர் வேண்டாம், அவனிடம் உன் அப்பாவே கூட்டிப்போனார். அரை நிமிஷம் பார்த்தான், அதிலும் பாதி நேரம் மொபைலில் பேசினான். மேலே நாலு, கீழே நாலு பிடுங்கிவிட்டு செட் மாட்டிவிடலாம், பத்து நாளில் முடிந்துவிடும் என்றான். பிடுங்காமல் வழி இல்லையா என்று கேட்டேன். இந்த வயதில் இனி யாருக்குக் காட்டப்போகிறீர்கள் ஆன்ட்டி என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான். நான் என்ன என் பல்லைக் கண்காட்சியிலா வைக்கப்போகிறேன், சோறு தின்னத்தானே கேட்கிறேன். உன் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பத்து நாளில் முடிகிற வேலை என்றால் அவருக்கு அவ்வளவு பிடித்தம். எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் ஷிப்டுக்குப் போனதும் பஸ் பிடித்துப் பிம்ப்ரிப் பக்கத்துப் பல் கல்லூரிக்குப் போனேன். அங்கே வைஜயந்தி ஆப்டே என்று ஒரு டாக்டரம்மா, உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். முதலில் படிக்கிற பிள்ளைகள் ஆறேழு பேர் வரிசையாக வந்து என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள், ரயில்வே கேட்டில் நிற்கிற மாதிரி. பிறகு மாவு மாதிரி ஒன்றைத் தட்டில் குழைத்துக் கடிக்கவிட்டு அச்சு எடுத்தாள், அடுத்த வாரம் போனபோது வெள்ளைச் சுண்ணாம்பில் என் பல் வரிசை இரண்டையும் செய்து என் கையில் கொடுத்தாள். இரண்டையும் சேர்த்து வைத்தால் கீழ்ப்பல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. இதற்குப் பேர் ஆழக்கடி, வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஈறும் எலும்பும் திடமாக இருந்தால் எழுபதிலும் பல் நகரும், சின்னப் பிள்ளைக்கு வேகமாக நகரும் உங்களுக்கு மெதுவாக நகரும், அவ்வளவுதான் என்றாள். எட்டுப் பல்லைப் பிடுங்கச் சொன்னானே என்றேன். ஒன்றுகூடப் பிடுங்க வேண்டாம், கீழே பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் நூலளவு சீவினாலே இடம் கிடைக்கும் என்றாள். பிடுங்கினாலும் கடி அப்படியேதான் இருக்கும், செட்டும் அதே இடத்தில் குத்தும் என்று அவள் சொன்னபோது ஸ்டேஷன் பக்கத்தானை நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்த படிப்பைக் குறடு பிடிக்க மட்டும் வைத்திருக்கிறான்.

இரண்டு மாதம் ஈறுக்கு வைத்தியம், அப்புறம் கம்பி, இரண்டு வருஷம் ஆகும், கழற்றிய பிறகும் ராத்திரிதோறும் ஒரு பிளேட் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பல் பழைய இடத்துக்கே ஓடிவிடும் என்றாள். வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அப்பா ஒரு வாரம் பேசவில்லை. பேசியபோது என்ன சொன்னார் தெரியுமா, வேண்டுமானால் கழற்றி மாட்டுகிற கிளிப்பாக வாங்கிக்கொள், ஆள் வந்தால் எடுத்து டப்பாவில் போட்டுக்கொள்ளலாம் என்றார். அதையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அந்தக் கிளிப் பல்லைச் சாய்க்கத்தான் செய்யும், உங்கள் பல்லை ஈறுக்குள் அமுக்க வேண்டும், அதற்கு ஒட்டிவைத்த கம்பிதான் சரி என்றாள். பாலாம்பாள் மதினி, உன் அத்தை, திருநெல்வேலியிலிருந்து போன் போட்டு, பேத்தி எடுத்தவள் வாயில் கம்பியா, கிறுக்கு கிறுக்கு என்று அரை மணி நேரம் பேசினாள். வாயில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது, பல்லைப் பற்றி அவள்தான் பேசுகிறாள்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி உன் அப்பா ரிட்டயர் ஆனார், போட்டோ அனுப்பியிருக்கிறேன். மதினியும் வந்திருந்தாள். கிளம்பும்போது, மேடையில் போட்டோ எடுப்பார்கள், வாயை மூடிக்கொண்டு இரு என்றார். சரி என்றுதான் போனேன். இவரோடு வேலை பார்த்த கலியனின் மகள், இஞ்சினியரிங் படிக்கிறவள், எனக்கு மாலை போட வந்தவள் சிரித்தாள், அவள் வாயிலும் கம்பி. எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு சிரிப்பு வந்ததோ, இரண்டு பேரும் அங்கேயே நின்று எனக்கு எங்கே குத்துகிறது உனக்கு எங்கே குத்துகிறது என்று பேச ஆரம்பித்துவிட்டோம், மானேஜர் கையில் சால்வையோடு காத்திருக்கிறார். போட்டோவைப் பார், மதினி விளக்கெண்ணெய் குடித்த மாதிரி, உன் அப்பா போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி, நடுவில் நான் ஒருத்திதான் முப்பத்திரண்டும் தெரியச் சிரிக்கிறேன்.

இப்போது மேல் முன்பல்லுக்குப் பின்னால் சின்னதாக இரண்டு மேடு ஒட்டியிருக்கிறார்கள், கீழ்ப்பல் அண்ணத்தில் குத்தாமல் அதில் முட்டி நிற்கும். அதில்தான் நாக்குத் தடுக்கிக் குழறுகிறது. கடைவாய்ப் பல் ஒன்றோடொன்று சேராது, மெல்ல முடியாது, சப்பாத்தி கிடையாது, வடாபாவ் கிடையாது, கூழும் கிச்சடியும்தான். வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற மனுஷன், புதன்கிழமை காலையில் இட்லியைச் சாம்பாரோடு மிக்ஸியில் போட்டு அடித்துத் தம்ளரில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். பார்க்கச் சகிக்கவில்லை. குடித்தேன். அதைக் குடித்ததிலிருந்துதான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று நெஞ்சை அறுத்துக்கொண்டிருக்கிறது.

சுகந்தி, முதல் தடவை போனபோதே டாக்டரம்மா வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டாள். மகளுக்கு மேல்பல் தூக்கல் என்று சொல்லிப் பர்ஸிலிருந்து உன் கல்யாண போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, வாயைக் கையால் மறைத்திருக்கிறாளே, வேறு போட்டோ இல்லையா என்றாள். வீட்டுக்கு வந்து ஆல்பம் முழுவதும் தேடினேன். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நீ கையை வைக்காமல் சிரித்த போட்டோ ஒன்று இல்லை.

நீ ஏழாவது படித்தபோது பள்ளிக்கூடத்தில் பல் முகாம் வைத்தார்கள், ஒரு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார், ஞாபகம் இருக்கும். கீழ்த்தாடை உள்வாங்கி இருக்கிறது, வளர்கிற வயது, தாடையை முன்னே கொண்டுவந்து நிறுத்துகிற பிளேட்டை ஒரு வருஷம் மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தது. அப்பா வேண்டாம் என்றுவிட்டார் என்று நான்தான் உன்னிடம் சொன்னேன். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் இன்றுவரை அவரிடம் நீ நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை, போனிலும் அப்பா நல்லா இருக்காங்களா என்று என்னிடம்தான் கேட்கிறாய்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. உன்னைக் கூட்டிப்போக ஷிப்டு மாற்றி வாங்கிக்கொண்டு, சட்டையும் தேய்த்து வைத்திருந்தார். வேண்டாம் என்றவள் நான். பெண்பிள்ளை வாயில் இரும்பு மாட்டினால் நம் லயன் வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள், நாளைக்கு எவன் வருவான் என்று சண்டை போட்டுச் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். உன்னிடம் பொய் சொன்னபோது அவர் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றும் மறுக்கவில்லை, இந்தப் பதினேழு வருஷத்தில் ஒருநாளும் மறுக்கவில்லை. நான் கம்பி கட்டப்போகிறேன் என்றதும் அவர் ஒரு வாரம் பேசவில்லை என்று மேலே எழுதினேனே, அதற்குமுன் ஒன்று சொன்னார், அதை எழுதாமல் தாண்டிவிட்டேன். “பிள்ளைக்கு வேண்டாம்னவ, ஒனக்கு மட்டும் வேணுமாக்கும்” என்றார். ஊரில் உள்ளவர்களையெல்லாம் இத்தனை பக்கத்துக்கு ஏசியிருக்கிறேன், இந்தக் கதையில் மற்ற எல்லாரையும்விட மட்டமானவள் யார் என்று உனக்கே தெரியும்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன், அது உன் இஷ்டம். இரண்டு காரியம் மட்டும் செய். ரீனாவுக்கும் மேல்பல் முன்னால் வருகிறது என்று சொன்னாய், வளர வளரச் சரியாகும் என்று மாப்பிள்ளை சொல்வதைக் கேட்டுக்கொண்டிராதே, ஏழு வயதில் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டு, உடனே எதையும் மாட்ட மாட்டார்கள், தாடை எப்படி வளர்கிறது என்று பார்த்துவைப்பார்கள். அவளோடு உன்னையும் காட்டிக்கொள். உன் தாடை இனி வளராது, ஆனாலும் பல்லை உள்ளே இழுக்கலாம், அதற்கு இடம் வேண்டி ஒன்றிரண்டு பல் எடுக்கச் சொன்னாலும் சொல்வார்கள், தாடையையே நகர்த்த ஆபரேஷன் என்றால் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய் என்றாள் டாக்டரம்மா. உனக்கு இருபத்தொன்பதுதான், என்னோடு பார்த்தால் நீ குழந்தை.

பால் குடி, குளிருக்குக் காதை மூடிக்கொள். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், வயிறும் மனதும் நிறைந்து இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுகிற நேரத்துக்கு நான் காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன், அப்பாதான் எடுப்பார். அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகவல்லி சுப்பையா